கல் தெரிகிறது, ஓட்டம் தெரியவில்லை: ஏழு இஞ்ச் திரை மைக்ரோஸ்கோப்பும் என் வரிக்குதிரை மீன்களும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் '1200 எக்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது; நம்ப வேண்டாம். பக்கத்திலேயே '12 மெகாபிக்சல்' என்றும் இருக்கிறது. அதையும் நம்ப வேண்டாம். இந்த இரண்டையும் தள்ளிவிட்டு வாங்கினால், கொடுத்த காசுக்குப் பழுதில்லாத சாமான்.

சாமான் இதுதான்: ஏழு இஞ்ச் திரை ஒன்று, அதன் கீழே தரையைப் பார்க்கும் கேமரா, லென்ஸைச் சுற்றி எட்டுக் குட்டி எல்இடி, பக்கவாட்டில் வளைத்துக்கொள்ளும் கழுத்தோடு இரண்டு விளக்கு, உலோகத் தாங்கி, ஒரு மெமரி கார்டு, ஒரு சின்ன ரிமோட். ஆன்லைனில் ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. பிராண்டு பெயரைச் சொல்லாததற்குக் காரணம், ஒரே பொருளைப் பத்துப் பெயர் ஒட்டி விற்கிறார்கள். நான் வாங்கிய பெயர் அடுத்த வருஷம் இருக்குமா என்பதே சந்தேகம். மேலே சொன்ன அடையாளங்களை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

நான் சேலத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் எடுத்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூடத்து மைக்ரோஸ்கோப் எப்படி இருக்கும் என்று படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். வகுப்பில் அறுபது பிள்ளைகள், மைக்ரோஸ்கோப் இரண்டு, அதில் ஒன்றின் லென்ஸில் பூஞ்சை. வரிசையில் வந்து ஒற்றைக் கண்ணை வைத்து, தன் இமை முடியைப் பார்த்துவிட்டு "தெரியுதுங்க மிஸ்" என்று சொல்லிப் போய்விடுவார்கள். என்ன தெரிந்தது என்று நானும் கேட்டதில்லை, கேட்டால் மணி அடித்துவிடும். திரை இருக்கிற மைக்ரோஸ்கோப்பின் பெரிய லாபம் இங்கேதான். நான் பார்ப்பதையே அவர்களும் பார்க்கிறார்கள். "இந்தப் புள்ளி" என்று பென்சில் முனையால் தொட்டுக் காட்டலாம். உருப்பெருக்கம் எவ்வளவு என்பதைவிட இது முக்கியம் என்பது என் கட்சி.

ஆனால் நான் வாங்கியது பிள்ளைகளுக்காக இல்லை, என் வீட்டுக்காரருக்காக. படுக்கையில் இடது பக்கம் புரண்டால் அறையே சுற்றுகிறது என்றார். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். அவர் இவரைப் படுக்க வைத்து, தலையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, ஒரு பக்கம் திருப்பி, பிறகு மறுபக்கம் திருப்பி, மெதுவாக எழுப்பி உட்கார வைத்தார். "காதுக்குள்ள இருக்கிற கல்லு இடம் மாறியிருந்துச்சுங்க, திருப்பி அனுப்பியாச்சு" என்றார். சுற்றல் நின்றுவிட்டது. இவருக்குத்தான் மனசு ஆறவில்லை. "கிட்னியில கல்லுன்னா ஒத்துக்கறேன். காதுல எப்படி கல்லு வரும்? யாரு போட்டாங்க?"

யாரும் போடவில்லை, நாம் பிறக்கும் முன்பே அது இருக்கிறது. உட்செவியில் யூட்ரிக்கிள், சாக்யூல் என்று இரண்டு அறைகள். அவற்றின் உட்சுவரில் பசை மாதிரியான ஒரு படலம், அதன் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள். நம் ஊர் வெள்ளைக்கல்லோடு குழப்ப வேண்டாம், அது மக்னீசியம் கார்பனேட். தலை சாய்ந்தால் துகள்களின் எடையில் படலம் சரிகிறது, அடியில் இருக்கும் உணர்முடிச் செல்களின் முடிகள் வளைகின்றன, மூளைக்குச் செய்தி போகிறது. வயதாகும்போது யூட்ரிக்கிளில் இருந்து சில துகள்கள் கழன்று, பக்கத்தில் தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழல்களுக்குள் விழுந்துவிட்டால், தலை அசையாதபோதும் அசைகிறது என்று பொய்ச் செய்தி போகும். அதுதான் சுற்றல். வாயால் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மனுஷக் காதைத் திறந்து காட்ட முடியாது. மீன் முட்டைக்குள் காட்டலாம்.

வரிக்குதிரை மீன் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள், மீன் கடைகளில் ஜீப்ரா டேனியோ. இந்த நாட்டு மீன்தான். 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கைச் சமவெளி மீன்களைப் பற்றி எழுதிய நூலில்தான் முதன்முதலாகப் பதிவானது. 1970களில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனார். இன்று உலகம் முழுக்க இதை வைத்துக் கரு வளர்ச்சியைப் படிக்கிறார்கள். காரணம் எளிது: தாயின் உடலுக்கு வெளியே வளரும் முட்டை, உள்ளே கண்ணாடியாகத் தெரியும் கரு, மூன்றே நாளில் குஞ்சு.

நான் வாங்கிய கடை ஐந்து ரோட்டுக்குப் பக்கத்து சந்து ஒன்றில் இருக்கிறது. கடைத் தம்பிக்கு என் மேல் பரிதாபம். "ஏனுங்க டீச்சர், இதைப் போய் வாங்குறீங்க? கப்பி வாங்குங்க, தானா குட்டி போடும்." குட்டி போடுவதுதான் எனக்கு வேண்டாம், முட்டை வேண்டும் என்றேன். வயிறு வெள்ளையாகப் பருத்தது பெண், ஒல்லியாக, வரிகளுக்கு நடுவே பொன்னிறம் ஓடுவது ஆண். இது தெரிந்தால் போதும், கடையில் நீங்களே பொறுக்கி வாங்கலாம். தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளை ஒரு வரிசை பரப்பி வையுங்கள். இல்லாவிட்டால் இட்ட முட்டையைப் பெற்றவர்களே தின்றுவிடுவார்கள். கோலி இடுக்கில் விழுந்தால் வாய் எட்டாது. இரவு இருட்டாக இருக்க வேண்டும், காலையில் வெளிச்சம் பட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் முட்டை விழும். கசகசா அளவில் இருக்கும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போகவிட்டு, ஒரு துளி மெத்திலீன் நீலம் கலந்து (அதே கடையில் கிடைக்கும்) அதில் முட்டைகளை வைக்க வேண்டும். வெள்ளையாகிப் போனவை செத்தவை, ஃபில்லரால் எடுத்துவிட வேண்டும்.

இங்கே சேலத்துக்காரர்களுக்கு ஒரு பெரிய சலுகை இருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் இந்த முட்டைகளை 28.5 டிகிரியில் வைக்க இன்குபேட்டர் வாங்குகிறார்கள். எங்கள் வீட்டுக் கூடமே பாதி வருஷத்துக்கு அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. இந்த மீனின் கரு வளர்ச்சியைப் படிப்படியாக வரையறுத்து 1995இல் சார்லஸ் கிம்மலும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்றும் எல்லோரும் அதைத்தான் புரட்டுகிறார்கள். அதில் வெப்பத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 28.5 டிகிரியில் 24 மணி நேரத்தில் வரும் நிலைக்கு 25 டிகிரியில் 30 மணி ஆகும், 33 டிகிரியில் 19 மணிச் சொச்சத்திலேயே வந்துவிடும். 25க்குக் கீழேயும் 33க்கு மேலேயும் கரு ஒழுங்காக வளரும் என்று சொல்ல முடியாது. அதனால் சித்திரை வெயிலில் மாடி அறையில் வைக்காதீர்கள். ஏற்காட்டில் என் தம்பி வீட்டுக்கும் முட்டைகளைக் கொண்டுபோனேன். பிள்ளைகளுக்கு லீவு, மலையேறும் வழியெல்லாம் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு போனது பெரிய கதை. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே இருபது டிகிரியைத் தொடுவதில்லை. தொட்டி ஹீட்டர் இல்லாமல் ஏற்காட்டில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

சரி, மைக்ரோஸ்கோப்புக்கு வருவோம்.

முட்டை விழுந்த காலையில் இது கொடுக்கும் காட்சிக்கே பாதிக் காசு சரியாகிவிடும். ஒரு செல் இரண்டாக முக்கால் மணி நேரம், அதற்குப் பிறகு கால் மணிக்கு ஒரு தடவை இரண்டு நாலாக, நாலு எட்டாக. தோசை ஊற்றிவிட்டு வந்து பார்த்தால் எட்டு பதினாறாகி இருக்கும். செல்கள் அப்போது பெரியவை, படம் தெளிவாக இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒன்பதாவது படிக்கும் பையன் பள்ளிக்கூட வேனை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். "அத்தை, இது வீடியோவா, இல்ல இப்ப நடக்குதா?" என்று கேட்டான். இப்ப நடக்குது.

இப்போது அந்த 1200 எக்ஸ் கணக்கைப் பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம். பிளாஸ்டிக் ஸ்கேலை லென்ஸின் அடியில் வைத்து, முடிந்தவரை நெருக்கிக் குவியம் செய்யுங்கள். என்னுடையதில் திரையின் அகலம் முழுக்க மூன்று மில்லிமீட்டர் தெரிகிறது. திரையின் அகலம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். 150ஐ 3ஆல் வகுத்தால் 50. ஆகவே இது 50 எக்ஸ் கருவி. மீதி 1150 எங்கே என்றால், ரிமோட்டில் ஜூம் பொத்தானை அழுத்தும்போது வருகிறது. படம் பெரிதாகும், புதிதாக ஒன்றும் தெரியாது. மெகாபிக்சலும் அப்படித்தான். திரையில் நேராகத் தெரிவதும் வீடியோவாகப் பதிவாவதும் 1920 புள்ளி அகலம், அதற்கு மேல் போடுவது ஊதிப் பெருக்கிய கணக்கு. 50 எக்ஸ் கேவலமில்லை. அதை அப்படியே சொல்லி விற்றால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை.

அடுத்த நாள்தான் உண்மையான பரீட்சை. 24 மணி நிலையில் கருவுக்குக் கண் வந்துவிடும், வால் துடிக்கும். கண்ணுக்குப் பின்னால் நீள்வட்டமாக ஒரு பை, அதுதான் உட்செவி. அளவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, திரையில் அரை சென்டிமீட்டர். அதற்குள் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு புள்ளிகள். செவிக்கற்கள். மீனுக்குத் துகள் குவியலாக இல்லாமல் ஒவ்வொரு அறைக்கும் ஒரே கல்.

கருவியில் வந்த விளக்கை வைத்துக்கொண்டு இது தெரியவே தெரியாது. விளக்கெல்லாம் மேலே இருக்கிறது. தண்ணீரின் மேற்பரப்பில் எட்டு வெள்ளை வட்டங்கள் பளபளப்பதைத்தான் பார்ப்பீர்கள். பூச்சி, நாணயம், சர்க்யூட் போர்டு பார்க்கச் செய்த கருவி இது, ஒளி ஊடுருவும் பொருளுக்குச் செய்ததில்லை. இரண்டு வழி கண்டுபிடித்தேன். ஒன்று, கண்ணாடித் தட்டை இரண்டு கட்டைகளின் மேல் தூக்கி வைத்து, அடியில் பட்டர் பேப்பர் சுற்றிய டார்ச். கருவின் உருவம் நன்றாக வரும், கல் மங்கலாகத் தெரியும். இரண்டாவது வழிதான் அருமை: அடியில் கறுப்புச் சார்ட் அட்டை, மேல் விளக்கை அணைத்துவிட்டு, கழுத்து வளையும் அந்த இரண்டு விளக்கையும் படுக்கை வாக்கில் தாழ்த்தி அடிக்க வேண்டும். இருட்டில் கருவின் ஓரங்கள் மட்டும் மினுங்கும், அதற்குள் இரண்டு கற்களும் பளிச்சென்று எரியும். அந்த இரண்டு வளைகழுத்து விளக்குக்காகவே இந்த மாடலைச் சொல்வேன். அவை இல்லாத மலிவு மாடல் ஆயிரம் ரூபாய் குறைவு, வாங்காதீர்கள்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எனக்கு நகர்ந்தது இதுல எது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. முன்னால் இருப்பது யூட்ரிக்கிள் கல், பின்னால் இருப்பது சாக்யூல் கல். முன் கல் இல்லாமல் பிறக்கும் குஞ்சுகள் நிலை தவறிச் சுழன்று செத்துப்போகின்றன, பின் கல் இல்லாதவை பிழைத்துக்கொள்கின்றன என்று ப்ரூஸ் ரைலியும் ஸ்டீபன் மூர்மனும் 2000ஆம் ஆண்டில் காட்டினார்கள். சமநிலைக்கு முன் கல், கேட்பதற்குப் பின் கல் என்று ஏறக்குறையப் பிரித்துச் சொல்லலாம். இவருக்குக் கழன்றதும் யூட்ரிக்கிளில் இருந்துதான். "அப்ப முன்னாடி இருக்கிறது" என்று அவரே விரலை வைத்தார். ஏழாயிரம் அங்கேயே தீர்ந்தது.

எனக்குத் தீரவில்லை. அந்தக் கல் எப்படி அந்த இரண்டு இடத்தில் மட்டும் வந்து உட்கார்ந்தது என்பதைப் பார்க்க ஆசை. அதற்குக் காரணம் திரவத்தின் ஓட்டம்.

18 மணி நிலையை ஒட்டி அந்தப் பைக்குள் குழி விழுந்து திரவம் நிறைகிறது. திரவத்தில் கல்லுக்கான மூலத் துகள்கள் எங்கும் மிதந்து திரிகின்றன. பையின் இரண்டு முனைகளிலும் சில உணர்முடிச் செல்கள் முன்கூட்டியே முளைத்து, நுனியில் ஒவ்வொரு இழையை நீட்டிக்கொண்டிருக்கும். மிதக்கும் துகள்கள் அந்த இழைகளின் நுனியில் ஒட்டிக்கொள்ள, அதன் மேல் சுண்ணாம்பு படிந்து கல்லாகிறது. துகள் கண்ட இடத்தில் கட்டி தட்டாமல் முனைகளுக்கு வந்து சேர்வது எப்படி? பையின் உட்சுவர்ச் செல்களில் முடி மாதிரி நீட்டியிருக்கும் குறு இழைகள் (சிலியா) துடித்துத் திரவத்தைக் கலக்கிவிடுகின்றன என்று 1997இல் ரைலியின் குழு சொன்னது. 2009இல் இன்னொரு குழு, குறு இழையைத் துடிக்க வைக்கும் புரதக் கூட்டத்தில் ஒன்றை முடக்கினால் கல் கோணலாகிறது என்று காட்டியது. 2011இல் டேவிட் வூ, ஜூலியன் வெர்மோ முதலியோர் ஓட்டத்தையே கணக்கிட்டு, துடிக்கும் இழைகள் பை முழுக்க இல்லை, கல் உட்காரும் இடத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன என்றார்கள்.

அதோடு விஷயம் முடிந்திருந்தால் பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் எழுதிவிடலாம். 2012இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்து வந்த கட்டுரை குட்டையைக் கலக்கியது. அதிவேகக் கேமராவில் பார்த்தால் பைக்குள் இருக்கும் குறு இழைகளில் 92 முதல் 98 சதவீதம் அசைவதே இல்லை. துடிப்பு கெட்ட மீன்களில் கல் இடம் மாறியோ, ஒட்டாமலோ, இரண்டும் சேர்ந்து ஒன்றாகவோ போவது உண்மை. ஆனால் குறு இழையே அறவே இல்லாத ஒரு மீன் வகையில் கற்கள் முனைகளில் ஒழுங்காகவே ஒட்டியிருந்தன. முதல் உணர்முடிச் செல்கள் இல்லாமல் போனால்தான் எல்லாம் குலைகிறது. ஆக, செல் தரும் ஒட்டுப் பொருள் முதலாளி, ஓட்டம் கூட நிற்கும் ஆள். எனக்கு இந்த வாதம் பிடித்திருக்கிறது. ஓட்டம்தான் எல்லாம் என்று சொன்னால் கேட்க அழகாக இருக்கும். ஆனால் கல்லே ஒத்துக்கொள்ளவில்லை.

இதில் எதையாவது இந்த மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடியுமா? முடியாது. ஆசையை வளர்த்துக்கொள்ளாதீர்கள். மூன்று மில்லிமீட்டரை 1920 புள்ளியாகப் பிரித்தால் ஒரு புள்ளிக்கு ஒன்றரை மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). குறு இழையின் தடிமன் கால் மைக்ரான். ஒரு புள்ளிக்குள் ஆறு இழைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கிவிடலாம், திரை அதைக் காட்டாது. லென்ஸின் தரத்தைக் கணக்கில் எடுத்தால் இன்னும் மோசம். துடிப்பு வேகமும் இருக்கிறது; இந்தக் கேமரா நொடிக்கு 30 படம் எடுக்கிறது, இழையின் துடிப்பைப் பிடிக்க அந்த வேகம் போதாது.

நேரத்தையாவது நான் சாதகமாக்கிக்கொண்டேன். 31 டிகிரியில் 18 மணி நிலை பதினாறு மணி நேரத்திலேயே வந்துவிடும். காலை ஆறரைக்கு இட்ட முட்டை இரவு பத்தரைக்குத் தயார். குளிர் ஊரில் இருப்பவர்கள் நடு ராத்திரி அலாரம் வைக்க வேண்டும், நாம் சீரியல் முடிந்ததும் உட்காரலாம். திரையில் வெளிறிய ஒரு முட்டை வடிவம் தெரிந்தது, அவ்வளவுதான். பழைய தோழி வேலை பார்க்கும் கல்லூரியில், இரண்டு இன்சுலின் ஊசியால் முட்டை ஓட்டைக் கிழித்துக் கருவை வெளியே எடுத்து, குழிவு ஸ்லைடில் பக்கவாட்டில் படுக்க வைத்து, காம்பவுண்ட் மைக்ரோஸ்கோப்பின் 40 எக்ஸ் லென்ஸில் (கண் வைக்கும் லென்ஸ் அதை இன்னும் பல மடங்கு பெருக்கும்) பார்த்தோம். பையின் முனையில் பொடித் துகள்கள் நடுங்கின. குறு இழையின் வேலையா, வெறும் பிரௌனியன் இயக்கமா (தண்ணீரில் பொடித் துகள்கள் தாமாகவே நடுங்குவது) என்று கண்ணால் பார்த்து ஆணையடிக்க முடியாது. ஆனாலும் நடுங்கின. அதைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் இந்தத் திரைக் கருவிக்குக் கொடுக்கும் காசில் செகண்ட் ஹேண்டில் ஒரு நல்ல காம்பவுண்ட் மைக்ரோஸ்கோப் தேடுங்கள்.

ஓட்டம் தெரியாவிட்டாலும் திரவத்தின் இன்னொரு வேலை தெரிகிறது. ஒரே கருவை மாலையிலும் மறுநாள் காலையிலும் படம் எடுத்து ஒப்பிட்டால் பை பெருத்திருப்பது நன்றாகத் தெரியும். இது செல் பெருகுவதால் மட்டும் இல்லை. சுவர்ச் செல்கள் உப்பை உள்ளே தள்ள, பின்னாலேயே தண்ணீர் போகிறது, உள்ளே அழுத்தம் ஏறிச் சுவர் விரிகிறது. அழுத்தம் கூடக்கூட உள்ளே வரும் தண்ணீர் தானாகக் குறைகிறது. கிஷோர் மோசலிகண்டியும் ஹார்வர்டு கூட்டாளிகளும் 2019இல் பையில் ஓட்டை போட்டுச் சுருங்க வைத்தார்கள். அழுத்தம் போனதும் தண்ணீர் வேகமாக வந்து பை பழைய அளவை எட்டிப் பிடித்தது. இடது காதும் வலது காதும் ஏன் ஒரே அளவில் இருக்கின்றன என்பதற்கு இது ஒரு விடை. அதே ஆய்வுக்கூடத்தில் இருந்து முந்தைய ஆண்டு வந்த இன்னொரு செய்தி: உட்செவியோடு ஒட்டிய ஒரு சின்னப் பை மெல்ல ஊதி, திடீரென்று வடிந்து, திரும்ப ஊதுகிறது, உள்ளழுத்தம் மிஞ்சாமல் அது பார்த்துக்கொள்கிறது.

இரண்டாம் நாள் கடைசியிலும் மூன்றாம் நாளும் அரைவட்டக் குழல்கள் உருவாகும். பையின் சுவர் உள்நோக்கிப் புடைத்து, எதிரெதிர்ப் புடைப்புகள் தொட்டுத் தூணாகின்றன. புடைப்பைத் தள்ளுவது சுவருக்கு அடியில் செல்கள் சுரக்கும் ஹைலுரானிக் அமிலம் தண்ணீரை உறிஞ்சி உப்புவதுதான் என்று 2021இல் அகாங்க்ஷி முஞ்சால் முதலியோர் கண்டார்கள். என் மருமகள் முகத்தில் தடவும் சீரத்தில் இருக்கிறதே, அதே சரக்கு. திரையில், அடி விளக்கு வைத்தால், பைக்குள் குறுக்கே நிழல் கோடுகளாக இந்தத் தூண்கள் தெரிகின்றன. தெரியும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். வகுப்பில் காட்டினால் "தெரியுதுங்க மிஸ்" கதைதான்.

மற்ற உபயோகங்கள்: மாமரத்து இலையில் தத்துப்பூச்சி, கொசுப் புழு, கொத்தமல்லியில் அசுவினி எல்லாம் அட்டகாசமாக வருகிறது. அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கும் என் பெரியப்பா மகன் ஒரு புடவை முந்தானையை அடியில் வைத்துவிட்டு, அதில் கலப்பு நூல் இருக்கிறது என்று கண்டுபிடித்து வாங்கியவரோடு சண்டைக்குப் போனார். செவிக்கல்லை மட்டும் காட்டினால் போதும், முட்டை வம்பெல்லாம் வேண்டாம் என்பவர்கள் மீன் மார்க்கெட்டில் கத்தாழை மீன் வாங்குங்கள். தலையைப் பிளந்தால் பெரிய வெள்ளைக் கற்கள் இரண்டு கையிலேயே வரும். ஒன்றை நைஸ் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து இந்தக் கருவியில் வைத்தால் உள்ளே படிந்த பட்டைகள் தெரியும். மீனின் செவிக்கல்லில் நாளுக்கு ஒரு நுண்ணிய வளையம் படிகிறது என்று ஜார்ஜியோ பனெல்லா 1971இல் எழுதினார். அந்த நாள் வளையம் இதில் வராது, தடித்த பட்டைகள்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தாங்கி ஆடுகிறது. மேசையில் யாராவது டம்ளரை வைத்தால் கரு திரையை விட்டு ஓடிவிடும். அடியில் பழைய மௌஸ் பேடு போட்டேன், பரவாயில்லை. குவியச் சக்கரத்தைத் திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் கொஞ்சம் பின்வாங்குகிறது, அதனால் தேவையைவிட ஒரு துளி கூடுதலாகத் திருப்பிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். பேட்டரி ஒரு பாட வேளைக்குச் சற்று அதிகமாக நிற்கிறது. செருகி வைத்தபடி பயன்படுத்தலாம். கம்ப்யூட்டரில் இணைத்து அளக்கும் மென்பொருள் தானாகப் போடும் அளவுகோலை நம்பக் கூடாது, ஸ்கேலை வைத்து நீங்களே அளவு கொடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். கையேட்டில் இருக்கும் தமிழை யார் எழுதினார்களோ, படித்துச் சிரிக்கலாம். விளக்கு ஒன்று வந்தபோதே எரியவில்லை, விற்றவரிடம் புகார் போட்டதற்கு "பொருளைத் திருப்பி அனுப்புங்கள்" என்று ஒரே பதில். எட்டில் ஏழு போதும் என்று விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள், பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி ஆசிரியர்கள் வாங்கலாம். மீன் வளர்ப்பவர்கள், தறிக்காரர்கள், நகைத் தொழில் செய்பவர்கள் வாங்கலாம். கல்லூரியில் விலங்கியல் படிக்கும் பிள்ளைக்குப் பரிசு கொடுக்க நினைத்தால் இதை விட்டுவிட்டுக் காம்பவுண்ட் மைக்ரோஸ்கோப்புக்குப் போங்கள். இதிலேயே பத்து இஞ்ச் திரை மாடல் ஒன்று மூவாயிரம் கூடுதலாக வருகிறது. விவரப் பட்டியலைப் பார்த்தேன், உள்ளே இருப்பது அதே சென்சார்தான், அந்த மூவாயிரத்தைக் கொடுக்காதீர்கள்.